உரம் எடுத்த மத்தியானம்

விஜயகுமாரிக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது எங்கள் பிளாக்கில் ரொம்ப நாள் வரைக்கும் கேலிப் பேச்சாகத்தான் இருந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? ரேஷன் கடைக்காரனிடம் பிரெஞ்சில் பேசினால் சர்க்கரை ஒரு கை கூடவா போடப்போகிறான்? அவள் குழாயடிக்கு வந்து குடத்தை வைத்தால், "மதாம் வந்தாச்சு, வழி வுடுங்கடி" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவளும் சிரித்துக்கொண்டே வரிசையில் நிற்பாள்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூர் அவளுக்கு. அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்துக் கோர்ட்டில் எழுத்தர். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்து, மேலே இங்கிலீஷும் படித்தாள். கொடி மாறியதும் அப்பாவுக்கு வேலை சுருங்கிப்போயிற்று. குறிஞ்சிப்பாடிப் பையன், பேர் கலியமூர்த்தி, நெய்வேலி ஒர்க்‌ஷாப்பில் பிட்டர், பர்மனென்ட், குவார்ட்டர்ஸ் உண்டு என்று தரகர் வந்து சொன்னதும் கட்டிக் கொடுத்துவிட்டார். வந்தவள் கேழ்வரகுக் களி கிண்டக் கற்றுக்கொண்டாள், கருவாடு கழுவக் கற்றுக்கொண்டாள். பிரெஞ்சு டிரங்குப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

சுரங்கத்தில் நிலக்கரி கண்ணில் பட்ட மறு வருசம் பம்ப் துரை வந்து சேர்ந்தார். கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ராப்பகலாக இறைத்துக் கொட்டினால்தான் உள்ளே ஆள் இறங்க முடியும். அந்தப் பம்புகளைப் பார்க்கப் பிரான்சு தேசத்திலிருந்து வந்தவர். அவர் பேர் எங்கள் வாயில் நுழையாததால் பம்ப் துரை. அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், சைட்டில் சமாளித்துக்கொள்வார். அவர் சம்சாரத்துக்கு அதுவும் கிடையாது. பத்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய பங்களாவில், பேச ஒரு நாதி இல்லாமல் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். யாருக்கோ எங்கள் குழாயடிக் கேலி ஞாபகம் வந்திருக்கிறது. விஜயகுமாரிக்கு ஆள் வந்தது.

அதற்கப்புறம் காலை வேளைகளில் விஜயகுமாரி பங்களாவுக்குப் போய்வர ஆரம்பித்தாள். லேடீஸ் கிளப் அம்மாக்கள் வந்து இங்கிலீஷில் பேசுவதைத் துரை சம்சாரத்துக்கு, அந்த நிஜ மதாமுக்கு, பிரெஞ்சில் சொல்ல வேண்டும். ரொம்பச் சுலபமென்று நினைத்துத்தான் போனாள். போன பிறகுதான் தெரிந்தது, நம் ஆபீசர் வீட்டு அம்மாக்களுக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்தான் தெரியும், அது 'நைஸ்' என்பது. பாயசம் நைஸ். பட்டுச்சேலை நைஸ். போன வாரம் செத்துப்போன சூப்பரின்டென்டென்ட்டும் நைஸ். பிரெஞ்சில் அப்படி ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்ற முடியாதாம். பாயசத்துக்கு ருசி, சேலைக்கு அழகு, செத்தவருக்கு நல்ல மனசு என்று இவள் ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுப்பாள். "அவுங்க ஒண்ண நீட்டறாங்க, நான் நாலு எடுத்துப் போட்டு ஒண்ணப் பொறுக்குறன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். முகத்தில் அப்படியொரு தெளிச்சல் வந்திருந்தது. நாலு வருசமாக நான் பார்க்காத முகம்.

முதலில் தப்பும் செய்தாள். குழாய் ஒழுகுகிறதென்று மெயின்டெனன்ஸ் ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினால் 'டுமாரோ' என்று பதில் வரும். இவள் அப்படியே நாளைக்கு என்று சொல்லிவிட்டாள். மதாம் மறுநாள் குளிக்காமல்கூட வராந்தாவில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நம் ஊர் 'டுமாரோ' பிரான்சுக்குத் தெரியுமா? அதற்கப்புறம் எந்த ஆபீசர் 'டுமாரோ' சொன்னாலும் 'இந்த மாதத்துக்குள்' என்று சொல்லிவிடுவாள். சொன்னதைச் சொல்வதா, நினைத்ததைச் சொல்வதா என்று எனக்கே குழப்பமாக இருந்தது. அவளுக்கு அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் படிந்துவிட்டது.

அந்தப் பங்களாவில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் வீராயி. நாற்பது வயசு இருக்கும். பரந்த கை, கறுத்த பல், வேலையில் சுணக்கமே கிடையாது. அவள் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்ட ஊர் இப்போது சுரங்கத்துக்குள் இருக்கிறது. அதாவது ஊர் இருந்த இடத்தில் குழி இருக்கிறது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஏதோ கொடுத்தார்கள். வீராயி வீட்டார் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டுப் பிழைத்தவர்கள், அவர்களுக்குக் குடிசை பிரித்த மூங்கிலும் ஓலையும் மிஞ்சின. புருசன் அய்யனார் கான்ட்ராக்டில் மண் வேலை. பங்களாவுக்குப் பின்னால் இருந்த அவுட்ஹவுஸில் ஒரு அறையை மதாம் வீராயிக்குக் கொடுத்திருந்தாள். ஓடு போட்ட அறை, சிமென்ட் தரை, வாசலில் குழாய். அந்த வருசம் சித்திரையில் மகள் மாணிக்கம்மாளைத் தலைப்பிரசவத்துக்கு அந்த அறைக்குத்தான் அழைத்து வந்திருந்தாள். ஒன்பது மாதம். "ஆஸ்பத்திரி கூப்புடு தூரத்துல இருக்கு, இனிமே எனக்கென்னாம்மா" என்று விஜயகுமாரியிடம் சொல்வாளாம். வேலை போனால் அறை போகும், அறை போனால் அந்தப் பெண் எங்கே படுத்துப் பெறுவாள்? அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கத்திரி வெயில் பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். காற்றில் கரித்தூள். வெளுத்துக் காயப்போட்டது அழுக்காகத்தான் கைக்கு வரும். பம்ப் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்கூட வெதுவெதுவென்று இருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே மதாம் குழந்தை அழுதிருக்கிறது. தூக்கினால் வீரிட்டது, பாலைக் கொடுத்தால் தள்ளிவிட்டது. வீராயிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உரம் விழுந்திருக்கிறது. குழந்தையை ஏறுக்குமாறாகத் தூக்கினால் கழுத்திலோ தோளிலோ பிடித்துக்கொள்ளும், அதைத்தான் உரம் என்பது. நம் வீடுகளில் இதற்கெல்லாம் டாக்டரிடம் போக மாட்டோம். பழைய நூல் சேலையை மடித்து, குழந்தையை நடுவில் கிடத்தி, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெள்ள உருட்டுவோம். குழந்தை முதலில் அழும், அப்புறம் அதற்கே விளையாட்டாகிவிடும். பிடிப்பு விட்டுப்போகும்.

மத்தியானம் மதாம் அசந்து தூங்கிவிட்டாள். வீராயி தோட்டக்காரன் பெண்டாட்டியைக் கூப்பிட்டாள். பின்பக்க வராந்தாவில் இரண்டு பேரும் சேலையைப் பிடித்துக் குழந்தையை உருட்டிக்கொண்டிருந்தபோது மதாம் எழுந்து வந்துவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தான் பெற்ற பிள்ளையை இரண்டு பொம்பளைகள் அழுக்குச் சேலையில் போட்டுப் பந்து மாதிரி உருட்டினால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? அவள் போட்ட கூச்சலில் காவல்காரன் ஓடி வந்தான். தோட்டக்காரன் பெண்டாட்டி சேலையை விட்டுவிட்டு வேலியைத் தாண்டி ஓடிவிட்டாள். வீராயி ஓடவில்லை. குழந்தையின் இடது கை தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் மதாம் பார்த்தாள்.

எங்கள் பிளாக்கில் ஜீப் வந்து நின்றபோது விஜயகுமாரி கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான். விவரத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "பெரிய எடத்து வெவகாரம். அவுங்க சொல்றதச் சொல்லு, வந்துரு. நீயா ஒண்ணும் சேக்காத." கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனாள். நாற்றம் போகவில்லை என்று பிறகு சொன்னாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வீராயியைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் காவல்காரன். போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். விஜயகுமாரியைக் கண்டதும் வீராயி எழுந்திருக்கப் பார்த்தாள், காவல்காரன் கையைக் காட்டி உட்கார வைத்தான். "உரம்தாம்மா எடுத்தன்" என்றாள்.

டாக்டரம்மா குழந்தையின் கையைப் பிடித்து, முழங்கையை மடக்கி, ஒரு திருப்புத் திருப்பினாள். குழந்தை ஒரு கத்துக் கத்தி ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கையாலேயே டாக்டரம்மாவின் கழுத்துக் குழாயைப் பிடித்து இழுத்தது. மதாம் அழுதுவிட்டாள். துரையும் அதற்குள் பம்ப் சைட்டிலிருந்து சேற்றுப் பூட்ஸோடு வந்து நின்றார்.

டாக்டரம்மா மெட்ராஸ்காரி, வேகமான இங்கிலீஷ். யாரோ 'கேர்லெஸ்' ஆள் குழந்தையை ஒற்றைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கியிருக்கிறார்கள், மூட்டு நழுவியிருக்கிறது என்றாள். சேலையில் உருட்டியதால் இது வராது. அது ஒரு 'ஸில்லி' வழக்கம், ஆனால் கெடுதல் கிடையாது என்றாள். விஜயகுமாரி ஒரு நிமிசம் யோசித்தாள். 'கேர்லெஸ்' என்பதற்குப் பிரெஞ்சில் இரண்டு வழி. ஒன்று 'நெக்லிழான்', செய்ய வேண்டிய கடமையைச் செய்யாதவன், அவள் அப்பா கோர்ட்டில் தீர்ப்புக்கு எழுதுகிற சொல். இன்னொன்று 'எத்தூர்தி', ஏதோ நினைப்பில் கை தவறியவன், அம்மா பிள்ளையைத் திட்டுகிற சொல். இரண்டாவதைப் போட்டாள். 'ஸில்லி'க்கு முட்டாள்தனம் என்று சொல்லலாம். அதையும் விட்டுவிட்டு வெள்ளந்தியான வழக்கம் என்று பொருள்படச் சொன்னாள். மதாமின் முகத்தில் கடுகடுப்பு கொஞ்சம் இறங்கியது.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. செக்யூரிட்டி ஆபீசர் சோமசுந்தரம் விடவில்லை. பட்டாளத்திலிருந்து வந்தவர். பெட்டிஷன் எழுதிக் கையில் வைத்திருந்தார், மதாம் ஒரு கையெழுத்துப் போட்டால் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடலாம் என்றார். விஜயகுமாரி வாங்கிப் படித்தாள். நம் ஆள்கள் பெட்டிஷன் எழுதுகிற இங்கிலீஷ் தெரியாதா? சைக்கிள் காணாமல் போனாலும் உலகம் அழிந்துபோன மாதிரி எழுதுவார்கள். 'வில்ஃபுல்லி', 'குருவெல்லி', 'அசால்ட்' என்று வரிக்கு வரி. எழுதினவருக்கு அந்தச் சொற்களின் கனம் தெரியாது, மனசில் அவ்வளவு கோபமும் இல்லை. வேலைக்காரி முரட்டுத்தனமாக நடந்துகொண்டாள், அவ்வளவுதான் அவர் சொல்ல வந்தது.

வழக்கம்போல 'நினைத்ததை' மட்டும் சொல்லியிருந்தால் மதாம் கையெழுத்துப் போட்டிருப்பாள். பேனாவை வாங்கிக் கையில் வைத்திருந்தாள். விஜயகுமாரி அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. எழுதியிருந்ததை ஒவ்வொரு சொல்லாக, கனம் குறையாமல், கோர்ட் வாசகமாகப் பிரெஞ்சில் படித்தாள். இன்ன பெண்பிள்ளை, வேண்டுமென்றே, கொடூர எண்ணத்தோடு, சிசுவின் மேல் தாக்குதல் நடத்தி... மதாம் அவளை நிறுத்தச் சொன்னாள். மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். விஜயகுமாரி படித்தாள். மதாம் வராந்தாவில் உட்கார்ந்திருந்த வீராயியைப் பார்த்தாள். பேனாவை மூடித் துரையின் சட்டைப் பையில் செருகிவிட்டாள்.

"என்னம்மா, போட மாட்டேங்கிறாங்களா?" என்றார் சோமசுந்தரம்.

"நீங்க எழுதியிருக்கிறது அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு சார்" என்றாள் விஜயகுமாரி.

டாக்டரம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தாளாம். இந்த இடத்தை எங்கள் பிளாக்கில் விஜயகுமாரி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். நானும் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன், சலிக்காது. அதற்குப் பிறகு நடந்ததை ஒரே ஒரு தரம்தான் சொன்னாள்.

காவல்காரன் தள்ளிப்போனதும் வீராயி எழுந்து உள்ளே வந்தாள். போலீஸ் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுவரோரமாக நின்றாள். டாக்டரம்மா அவளிடம் தமிழில், புள்ளையை ஒத்தக் கையில தூக்கக் கூடாதுன்னு தெரியாதா என்று கேட்டாள். வீராயி விஜயகுமாரியைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். குரலைத் தாழ்த்தி, நம் வீட்டுப் பெண்கள் நம்மோடு பேசுகிற மாதிரி.

"நான் ஏம்மா தூக்கறன்? நேத்து சாயந்தரம் தொட்டியில குளிச்சிகினு இருந்துச்சி புள்ள. தொரைதான் வந்து, ஒத்தக் கையப் புடிச்சி, மீனத் தூக்குற மாதிரி தூக்கிச் சிரிச்சாரு. அப்பிடித் தூக்காதிங்கன்னு நம்ம சொல்ல முடியுமா?"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோமசுந்தரம் தன் பெட்டிஷனை மடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் காது கேட்டது, துரைக்குச் சொல்ல இரண்டு பேருக்கும் இங்கிலீஷும் தெரியும். மதாம் மட்டும் கேட்டாள்: என்ன சொல்கிறாள்?

விஜயகுமாரி சொன்னாள். அன்றைக்கு அவள் நாக்கில் சொற்கள் கேட்ட மாத்திரத்தில் வந்து நின்றன. நாலு வருசம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது வெளியே வந்து ஒரு ஆளைப் போலீஸிலிருந்து மீட்டிருக்கிறது, அந்த ருசி வேறு. நேற்று, சாயந்தரம், தொட்டி, ஒற்றைக் கை. மீன் என்பதைக்கூட விடவில்லை. அவ்வளவு சுத்தமாகத் தான் பிரெஞ்சு பேசினதே இல்லை என்றாள் என்னிடம்.

துரையின் காது சிவந்தது. குழந்தையைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். ஆமாம் என்று சொல்லவில்லை. மதாம் அவரை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, வீராயியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். விஜயகுமாரி அதைத் தமிழில் சொல்ல, வீராயி கூசிப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். துரை மட்டும் அவர்களுக்கு முன்னால் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து வந்த நாள்களில் பங்களாவில் துரை சாப்பிட உட்காரும்போது வீராயி குழந்தையோடு உள்ளே வந்தால் எழுந்து ஆபீஸ் அறைக்குப் போய்விடுவாராம். குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் வீராயி எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பாராம். சொந்த வீட்டில் ஒரு மனுசன் அப்படி எத்தனை நாள் இருப்பான்?

மதாம் ஒரு காலையில் விஜயகுமாரியைக் கூப்பிட்டு அனுப்பினாள். வீராயியையும் முன்னால் நிறுத்தினாள். மேஜை மேல் குழந்தைச் சட்டைகள், கம்பளித் தொப்பி, ஒரு புது வெள்ளைப் போர்வை எல்லாம் மடித்து வைத்திருந்தது. மாணிக்கம்மாளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு. மதாம் பேசினாள். வீராயி மாதிரி நல்ல கை தான் பார்த்ததில்லை என்றாள். இந்த வெயிலில், இத்தனை கஷ்டத்துக்குப் பிறகு, அவளுக்கு ஓய்வு வேண்டும் என்றாள். தாயும் மகளும் தங்கள் ஊருக்குப் போய், சொந்த மனிதர்கள் நடுவில், நிம்மதியாகப் பிரசவத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். ஒவ்வொரு சொல்லும் பட்டுத்துணி மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது, அதில் பொய் இல்லை.

விஜயகுமாரி பிரெஞ்சிலேயே சொன்னாள்: அவளுக்கு ஊர் இல்லை, மதாம். அது சுரங்கத்துக்குள் இருக்கிறது.

மதாம் கம்பளித் தொப்பியை எடுத்து மறுபடியும் மடித்து வைத்தாள். பிறகு மெதுவாக, என் கணவருக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்றாள். அதைத் தமிழில் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

வீராயி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். விஜயகுமாரி, ஊருக்குப் போய் மகளோடு இருந்து பிரசவத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றாள். வீராயி தலையாட்டினாள். அப்புறம், எந்த ஊருக்கு என்று கேட்டாள்.

அவுட்ஹவுஸ் வரைக்கும் விஜயகுமாரி கூடப் போனாள். மாணிக்கம்மாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அய்யனார் வேலைக்குப் போயிருந்தான். வீராயி மதாம் கொடுத்த மூட்டையைச் சிமென்ட் தரையில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தொரைக்கு எம்மேல கோவமாம்மா?"

"கோவம் இல்ல வீராயி. ஒன்ன நேருக்கு நேர் பாக்க அவருக்குக் கூச்சமா இருக்குதாம்."

"நான் அவர ஒண்ணும் சொல்லலியே. ஒங்ககிட்டதான சொன்னன்."

"மதாம் கேட்டாங்க. கேட்டா நான் சொல்லித்தான ஆவணும்?"

வீராயி மகளைப் பார்த்தாள். கோபப்படவில்லை, குரலும் உயரவில்லை.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னுதானம்மா நான் வாயத் தொறந்தன்" என்றாள்.